லேமினேட் செய்த மருந்துச் சீட்டு

1. வீங்கிய முகம்

ஆரோக்கியமேரியை அவர் கணவர் சூசை வண்டியின் பின்னால் உட்காரவைத்து அழைத்து வந்தபோது காலை பத்தரை மணி இருக்கும். நெல் வரத்து அதிகமாக இருந்த மாதம். நெல் ஏலம் நடக்கும் கமிட்டிக்குப் போகும் லாரிகள் திருவண்ணாமலை ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றன. அந்த நெரிசலில் பாதி தூரம் வண்டியை உருட்டிக்கொண்டே வந்ததாகச் சூசை சொன்னார். என் கிளினிக்குக்குப் படி மூன்றுதான். அந்த மூன்று படி ஏறுவதற்குள் ஆரோக்கியமேரி இரண்டு முறை நின்று மூச்சு வாங்கினார்.

அவரை எனக்குப் பல வருடங்களாகத் தெரியும். அனந்தபுரம் பக்கத்தில் ஒரு கிராமம். கூலிக்கு நடவு நடுவார், களை எடுப்பார், வேர்க்கடலைக் காலத்தில் கடலை, அவர்கள் பேச்சில் மல்லாட்டை, பிடுங்கப் போவார். அன்று என் எதிரில் உட்கார்ந்தவரைப் பார்த்ததும் முதலில் வேறு யாரோ என்று நினைத்துவிட்டேன். கண்ணுக்குக் கீழே அவ்வளவு வீக்கம். முழங்காலுக்குக் கீழே விரலால் அழுத்தினேன். குழி விழுந்து அப்படியே நின்றது. கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தால் வெளுத்துக் கிடந்தது. பி.பி. இருநூறைத் தொட்டது. அவருக்கு வயது நாற்பத்தாறு.

"எத்தன நாளா இப்படி இருக்குது மேரி?"

"ஒரு மாசமா சோறு எறங்கல டாக்டரம்மா. வாயில வெச்சாலே கொமட்டுது. ஒடம்பு அசதின்னு நெனச்சன். நேத்து மல்லாட்ட புடுங்கப் போயி வரப்புலயே உக்காந்துட்டன். எழுந்திருக்க முடியல."

என்னுடன் டாக்டர் நிவேதா இருந்தார். குடும்ப மருத்துவத்தில் பட்டமேற்படிப்பு படிப்பவர்களை ஒரு மருத்துவக் கல்லூரி சில மாதங்கள் என் கிளினிக்குக்கு அனுப்பி வைக்கிறது. நிவேதா வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. பேச்சு குறைவு, கவனம் அதிகம்.

"இப்ப என்ன மாத்திரை சாப்பிட்டிட்டிருக்கீங்க?" என்று நிவேதா கேட்டார்.

"மாத்திரையா? ஒண்ணும் இல்லம்மா. வலி மாத்திரை தான்."

"அதக் கொஞ்சம் காட்டுங்க."

சூசை வெளியே போய் வண்டிப் பெட்டியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரைக் கொண்டுவந்தார். நிவேதா அதை மேஜையில் கொட்டினார். பாதி தீர்ந்த அட்டைகள் நாலைந்து. அவற்றோடு, லேமினேஷன் செய்த ஒரு சீட்டு. ரேஷன் கார்டைப் பத்திரப்படுத்துவதுபோல, நான்கு மூலையும் வெட்டி வளைத்து, சுத்தமாகச் செய்திருந்தார்கள். நிவேதா அதை எடுத்துப் படித்தார். பிறகு என் பக்கம் நீட்டினார்.

என் கிளினிக் பேடு. என் கையெழுத்து. டைக்ளோஃபினாக் ஐம்பது, காலை ஒன்று, இரவு ஒன்று. அதன் ஓரத்தில் 5/7 என்று சின்னதாக எழுதியிருந்தேன். ஐந்து நாளைக்கு மட்டும் என்பதற்கு எங்கள் தொழிலில் எழுதும் சுருக்கம் அது. சீட்டின் மேலே இருந்த தேதியிலிருந்து ஏறக்குறைய நான்கு வருடம் ஓடியிருந்தது.

"இத எதுக்கு லேமினேஷன் பண்ணீங்க?" என்று கேட்டேன்.

சூசை சற்றுப் பெருமையோடுதான் பதில் சொன்னார். "மடிச்சி மடிச்சி கிழிஞ்சி போச்சி டாக்டரம்மா. பஸ் ஸ்டாண்டு செராக்ஸ் கடைல குடுத்து பண்ணிக்கினு வந்தன். இத காட்னா மெடிக்கல்ல ஒண்ணும் கேக்காம குடுத்துடுவாங்க. நல்ல மாத்திரை. இது போட்டா தான் இவளால கால மடக்கி உக்கார முடியும். இல்லன்னா வேலைக்கே போவ முடியாது."

நான் மேற்கொண்டு எதுவும் சொல்லவில்லை. கிட்னியில் பிரச்சினை இருப்பதுபோல் தெரிகிறது, உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று மட்டும் சொன்னேன். ஆம்புலன்ஸுக்குப் போன் செய்து, கடிதம் எழுதிக் கொடுத்தேன். வலி மாத்திரையை இனி ஒன்றுகூடத் தொடக் கூடாது என்று இரண்டு பேரிடமும் தனித்தனியாகச் சொன்னேன். கடிதத்தில், நீண்ட நாள் வலி மாத்திரை எடுத்தவர் என்று எழுதினேன். யார் எழுதிக் கொடுத்த மாத்திரை என்று எழுதவில்லை.

அவர்கள் போன பிறகு பார்த்தால் அந்தச் சீட்டு என் மேஜையிலேயே கிடந்தது. எடுத்து டிராயருக்குள் வைத்து மூடினேன். நிவேதா அதைப் பார்த்தார்.

2. எனக்கு நினைவில்லாத நாள்

அன்று மதியம் பழைய ஃபைலைத் தேடி எடுத்தேன். நான்கு வருடத்துக்கு முந்தைய அந்தத் தேதியில் ஒரே ஒரு வரி இருந்தது. முழங்கால் வலி, இரண்டு பக்கமும், கூலி வேலை. அவ்வளவுதான். அந்த நாள் எப்படி இருந்தது, அவரிடம் என்ன பேசினேன், ஐந்து நாளைக்கு மேல் போடாதீர்கள் என்று வாயால் சொன்னேனா, ஒன்றுமே நினைவில் இல்லை. சொல்லியிருப்பேன் என்று நினைத்துக்கொள்ள ஆசையாக இருந்தது. சொன்னேன் என்று சத்தியம் செய்ய முடியாது.

அதற்குப் பிறகும் ஆரோக்கியமேரி என்னிடம் வந்திருக்கிறார். காய்ச்சலுக்கு ஒருமுறை, கையில் முள் குத்திச் சீழ் வைத்தபோது ஒருமுறை. அந்த இரண்டு முறையும், வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று நான் கேட்டதாக ஃபைலில் இல்லை. அவராகவும் சொல்லியிருக்க மாட்டார். வலி மாத்திரையை யாரும் மாத்திரைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

மூன்றாம் நாள், மாவட்ட அரசு மருத்துவமனையில் அவரைப் பார்த்த சிறுநீரக மருத்துவரிடம் போனில் பேசினேன். ரத்தத்தில் ஒன்றை ஒட்டி இருக்க வேண்டிய கிரியேட்டினின் ஒன்பதுக்கு மேல், ஸ்கேனில் இரண்டு கிட்னியும் சுருங்கியிருக்கிறது, டயாலிசிஸ் தொடங்கிவிட்டோம், இனி நிறுத்த முடியாது என்றார். மாத்திரையைப் பற்றிக் கேட்டேன்.

"இதுதான் காரணம்னு என்னால அடிச்சிச் சொல்ல முடியாது டாக்டர். வெயில்ல வேலை செய்யறாங்க, தண்ணி குடிக்கறதில்ல, பி.பி.யும் எப்ப வந்துதுன்னு தெரியல. ஆனா நாலு வருஷம் தெனம் ரெண்டு மாத்திரை. அதுக்குப் பங்கே இல்லன்னும் சொல்ல முடியாது."

போனை வைத்ததும் எனக்கு முதலில் வந்தது நிம்மதி. அதை மறைக்க விரும்பவில்லை. காரணம் பலவாக இருக்கலாம் என்று ஒரு நிபுணர் சொல்லிவிட்டார். ஐந்து நாள் என்று சீட்டிலேயே எழுதியிருக்கிறேன். பழைய சீட்டுக்கு மருந்து கொடுத்தது மெடிக்கல். ஒவ்வொன்றும் உண்மை. ஒவ்வொன்றும் எனக்குச் சாதகமாக இருந்தது.

நிவேதாவிடம் போனில் கேட்டதைச் சொன்னேன். அவர், "அப்ப அவங்ககிட்ட ஒண்ணும் சொல்லப் போறதில்லையா மேடம்?" என்று கேட்டார்.

"என்ன சொல்றது? நிச்சயமா தெரியாத ஒண்ண சொல்லி அவங்க மனசக் கெடுக்கறதா?"

"தெரியலன்னும் சேர்த்தே சொல்லலாம் இல்லையா மேடம்?"

எனக்குக் கோபம் வந்தது. அவர் மேல் இல்லை என்று இப்போது சொல்கிறேன். அன்று அவர் மேல்தான். எனக்கு அன்று முப்பது வருட அனுபவம். அவர் என்னிடம் வந்தே மூன்று வாரம். அடுத்த பேஷண்டைக் கூப்பிடச் சொல்லிவிட்டேன்.

அந்த வாரம் முழுக்க நான் எழுதிய ஒவ்வொரு சீட்டிலும் கை நின்று நின்று போயிற்று.

3. வார்டில்

ஞாயிற்றுக்கிழமை கிளினிக் கிடையாது. பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். போவதற்குள் பேச்சைப் பலவிதமாகத் தயார் செய்து வைத்திருந்தேன். ஆரோக்கியமேரி கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகத்து வீக்கம் பாதி வடிந்திருந்தது. கழுத்தில் டயாலிசிஸ் குழாய் பொருத்திக் கட்டுப் போட்டிருந்தார்கள். சூசை தரையில் துண்டை விரித்து உட்கார்ந்திருந்தவர் என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"நீங்களே வந்துட்டீங்களா டாக்டரம்மா?"

அந்த ஒரு வார்த்தையில் நான் தயார் செய்து வைத்திருந்ததெல்லாம் மறந்து போயிற்று. ஸ்டூலை இழுத்து உட்கார்ந்து நேராகச் சொல்லிவிட்டேன்.

"மேரி, நீங்க நாலு வருஷமா சாப்ட்ட மாத்திரை நான் எழுதினது. அஞ்சு நாளைக்குத்தான் எழுதினேன். ஆனா அது உங்களுக்குப் புரியற மாதிரி எழுதல. வாயால சொன்னேனான்னும் எனக்கு நினைவில்ல. அதுக்கப்புறம் நீங்க வந்தப்ப நான் கேட்டிருக்கணும். கேக்கல. அந்த மாத்திரைய வருஷக்கணக்கா சாப்ட்டா கிட்னிய கெடுக்கும். உங்க கிட்னி கெட்டதுக்கு அது மட்டும்தான் காரணமான்னு யாராலயும் உறுதியா சொல்ல முடியல. ஆனா அதுக்கும் பங்கு இருக்குது. அதுல என் தப்பு இருக்குது."

ஆரோக்கியமேரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பேசியது சூசை.

"நீங்க எழுதனதுன்னு தான வாங்கிக் குடுத்தன்? என் கையால வாங்கிக் குடுத்தன். வாரா வாரம் நான் தான் போயி வாங்கியாந்தன். அன்னிக்கி அது உங்க கைல இருந்தப்ப கூட நீங்க ஒரு வார்த்த சொல்லல." அவர் குரல் உயர்ந்தது. பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "அந்தச் சீட்டு இப்ப எங்க? எங்க வெச்சிருக்கீங்க?"

கைப்பையிலிருந்து எடுத்து அவரிடம் கொடுத்தேன். டிராயரில் ஒளித்து வைத்திருந்தேன் என்பதையும் சொன்னேன். அவர் அதை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வார்டை விட்டு வெளியே போய்விட்டார். அதற்குப் பிறகு மூன்று வருடத்துக்கு மேல் அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஆரோக்கியமேரி மெதுவாகக் கேட்டார். "அந்த மாத்திரை எல்லாருக்குமே கெடுதலா டாக்டரம்மா?"

"நாள்பட சாப்ட்டா நெறைய பேருக்கு."

"எங்க வேலை செட்டுல இந்திரா இருக்குறா. இன்னும் ரெண்டு பேரு இருக்குறாங்க. என் சீட்ட செராக்ஸ் எடுத்து வெச்சிக்கினு அவங்களும் அதான் வாங்குறாங்க. நான் தான் குடுத்தன், நல்லா கேக்குதுன்னு." அவர் கண்ணில் அப்போதுதான் நீர் வந்தது. "எனக்கு ஆனது ஆயிப்போச்சி. நீங்க போயி அவங்கள பாருங்க. நாளைக்கே போங்க."

என்னை மன்னித்ததாக அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அவர் எனக்கு ஒரு வேலை கொடுத்தார்.

4. கடலைக் கொல்லையில்

மறுநாள் கிளினிக்கை மூடிவிட்டு நானும் நிவேதாவும் ஆட்டோவில் கிளம்பினோம். பி.பி. கருவி, சிறுநீரில் புரதம் பார்க்கும் பட்டைகள், ரத்தம் எடுக்கும் குழாய்கள் எல்லாம் எடுத்துக்கொண்டோம். அந்தப் பெண்கள் வீட்டில் இல்லை. ஊருக்குத் தெற்கே ஒரு புன்செய்க் கொல்லையில் கடலை பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். பதினோரு மணி வெயில். பாறைக் குன்றுகள் சுற்றிலும் சூட்டைக் கக்கின. மரமே இல்லை.

இந்திரா நாற்பதைத் தொடாதவர், கறாரான பேச்சு. ஆரோக்கியமேரிக்கு நடந்ததை அவர் ஏற்கனவே கேள்விப்பட்டிருந்தார். மாத்திரையை நிறுத்த வேண்டும் என்று நான் சொன்னதும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"நிறுத்திட்டு இன்னா பண்றது? நாள் பூரா குந்திக்கினே நகரணும். முட்டி ரெண்டும் எரியுது. வேலைக்கு வராதன்னு சொல்வீங்களா? அத சொல்லத்தான் இம்மாந்தூரம் வந்தீங்களா?"

"வேலைக்கு வராதீங்கன்னு சொல்லல."

"எங்க நைனாவுக்கும் அதே மாத்திரை தான் குடுக்குறன். அவுரு எழுவது வயசுல ஆடு மேய்க்கப் போறாரு. அவுர எங்க உக்கார வெக்கிறது?"

எனக்கும் தெரியவில்லை என்றே சொன்னேன். நிவேதா மட்டும் வரப்பில் கிடந்த ஒரு குடத்தைத் திறந்து பார்த்துவிட்டு, "இதுல தண்ணி அப்படியே இருக்கே, யாரும் குடிக்கலையா?" என்று கேட்டார்.

இந்திராதான் சொன்னார். "குடிச்சா ஒண்ணுக்கு வரும். ஆம்பளைங்க சுத்தியும் நிக்கிறாங்க. எங்க போறது? காலைல வூட்ல குடிக்கிறதோட சரி. சாயங்காலம் போயி தான் குடிப்போம்."

முப்பது வருடமாக இந்தப் பெண்களுக்கு வைத்தியம் பார்க்கிறேன். நிறைய தண்ணீர் குடியுங்கள் என்று எத்தனையோ ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன். ஏன் குடிப்பதில்லை என்று ஒருதடவைகூடக் கேட்டதில்லை.

அன்று பார்த்ததில் மற்ற இரண்டு பேருக்கும் ஒன்றுமில்லை; இந்திராவின் சிறுநீரில் மட்டும், கிட்னி கெடுவதற்கு அறிகுறியாக, புரதம் இருந்தது. இரண்டு நாள் கழித்து வந்த ரத்தப் பரிசோதனையில் அவருடைய கிரியேட்டினினும் ஏறத் தொடங்கியிருந்தது. ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு நானே மறுபடி போனேன். அவர் அதை வாங்கி மடித்து முந்தானையில் முடிந்துகொண்டார். "மேரியக்கா மாதிரியா?" என்று மட்டும் கேட்டார்.

"இல்ல. இப்பவே நிறுத்தினா அங்க வரைக்கும் போகாதுன்னு நம்பறேன்."

நிறுத்தினார். அவருடைய அப்பாவுக்கும் நிறுத்தினார். வலிக்குப் பாதுகாப்பான மாத்திரை, முழங்காலுக்குப் பயிற்சி, நகர்ந்து நகர்ந்து செய்யும் வேலைக்கு உட்காரச் சின்னப் பலகை என்று ஒவ்வொன்றாக முயன்றோம். எதுவும் பழைய மாத்திரை அளவுக்குக் கேட்கவில்லை. அவருக்கு வேலை நாட்கள் குறைந்தன. என் மேல் வருத்தம் இருந்தது. இரண்டு மாதத்தில் கிரியேட்டினின் இறங்கிவிட்டது. இன்றும் வருடம் ஒருமுறை வந்து பார்த்துக்கொள்கிறார். அவர்களைக் கூலி வேலைக்கு அழைத்துப் போகும் மேஸ்திரியிடம் நாங்கள் பலமுறை பேசிய பிறகு, வேலை நடக்கும் கொல்லை ஓரத்தில் நாலு குச்சி நட்டுப் பச்சை வலை கட்டி மறைப்பு வைத்தார்கள். நான் எழுதிக் கொடுத்த எந்த மருந்தையும்விட அதற்குப் பலன் அதிகம் என்று நினைக்கிறேன்.

5. ஆய்வும் அதில் எழுதிய ஒரு வரியும்

நிவேதா தன் ஆய்வேட்டுக்கு வேறொரு தலைப்பை முடிவு செய்து வைத்திருந்தார். அதை விட்டுவிட்டு, கூலி வேலை செய்யும் பெண்கள் வீட்டில் என்னென்ன வலி மாத்திரை வைத்திருக்கிறார்கள், எந்தச் சீட்டைக் காட்டி வாங்குகிறார்கள் என்பதை எடுத்துக்கொண்டார். கல்லூரியின் நெறிமுறைக் குழுவில் அனுமதி வாங்கிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போனோம். அவலூர்பேட்டைப் பக்கமும் போனோம், பனமலைப் பக்கமும் போனோம். கேள்வித்தாளை நீட்டினால் எல்லோரும், மாத்திரை எதுவும் இல்லை என்றுதான் சொன்னார்கள். கவரைக் கொண்டுவந்து காட்டுங்கள் என்றால்தான் உண்மை வந்தது. பழைய சீட்டுகள், அடுத்தவர் சீட்டுகள், இறந்து போனவரின் சீட்டு. பல டாக்டர்களின் கையெழுத்து. நடுநடுவே என் கையெழுத்தும். எண்ணிக்கையெல்லாம் அவருடைய ஆய்வேட்டில் இருக்கிறது. இங்கே வேண்டாம்.

முன்னுரையில் இந்த ஆய்வு எப்படித் தொடங்கியது என்று எழுத வேண்டிய இடம் வந்தபோது, கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ஒரு நோயாளியைப் பார்த்ததில் தொடங்கியதுன்னு போட்டா போதும் டாக்டர். அந்தச் சீட்டு உங்களோடதுன்னு எழுதணுமா? நாளைக்கு கேஸ் கீஸுன்னு வந்தா?"

அவர் என் நன்மைக்குத்தான் சொன்னார். அதே யோசனையில் நானும் ஒரு வாரம் இருந்தவள்தானே. அது என் சீட்டு என்றே நிவேதாவை எழுதச் சொல்லிவிட்டேன். கேஸ் வரவில்லை. வந்திருந்தால் போயிருப்பேன்.

அன்றிலிருந்து என்னிடம் வரும் மாணவர்களுக்கு முதல் நாள் மேரியின் கதையைத்தான் சொல்கிறேன். சிலர் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். ஒருவர் மட்டும், நீங்கள் எப்படி இன்னும் பிராக்டிஸ் செய்கிறீர்கள் என்று கேட்டார். நியாயமான கேள்வி. அடுத்த பேஷண்ட் வெளியே உட்கார்ந்திருக்கிறார், அதனால்தான் என்றேன்.

6. சூசை

ஆரோக்கியமேரி மூன்று வருடம் இருந்தார். வாரத்துக்கு மூன்று நாள் முதல் பஸ்ஸில் டயாலிசிஸுக்குப் போய்வந்தார். மாதம் ஒருமுறை அவரை வீட்டில் போய்ப் பார்ப்பேன். நான் வரும்போது சூசை எழுந்து வெளியே போய்விடுவார். ஒரு சித்திரையில் மேரிக்கு நாக்கு வறண்டு கிடந்தது. சிறுநீர் சரியாகப் பிரியாததால் ஒரு நாளைக்கு இவ்வளவு தண்ணீர்தான் என்று அளந்து கொடுத்திருந்தார்கள். "அப்ப கொடம் கொடமா தண்ணி இருந்திச்சி, குடிக்க முடியல. இப்பவும் அதே தான்," என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிக்க வரவில்லை.

அடுத்த மழைக்காலத்தில் நுரையீரலில் தொற்று வந்து இறந்து போனார். கோயிலில் பூசை முடிந்து கல்லறைக்குப் போனபோது நான் கூட்டத்தின் பின்னால் நின்றேன். இந்திரா என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். சூசை என்னைப் பார்த்தார்.

எட்டு மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை டோக்கன் வரிசையில் சூசை உட்கார்ந்திருந்தார். அவர் முறை வந்ததும் உள்ளே வந்து, உட்காராமல் நின்றுகொண்டே பேசினார்.

"தல சுத்துது. ரெண்டு வாரமா இருக்குது. வேற டாக்டரு கிட்ட போனன். பி.பி.ன்னு மாத்திரை குடுத்தாரு. சாப்டறதுக்கு பயமா இருக்குது."

"உக்காருங்க சூசை."

"உங்க மேல இருக்குற கோவம் போயிடுச்சின்னு நெனச்சிக்காதீங்க. அது போவாது." அவர் மாத்திரைக் கவரை மேஜையில் வைத்தார். "ஆனா உங்களுக்கே கெடுதலானத நீங்களா வந்து எங்கிட்ட சொன்னீங்க. அதனால எனக்குன்னு கேட்டா நெசத்த சொல்வீங்க. அதான் வந்தன்."

பி.பி. பார்த்தேன். நூற்று எழுபது இருந்தது. அந்த டாக்டர் கொடுத்திருந்த மாத்திரை சரியான மாத்திரைதான். அப்படியே சொன்னேன். அது என்ன செய்யும், என்ன செய்யாது, எப்போது நிறுத்த வேண்டியிருக்கும், யாருக்கும் பகிர்ந்து கொடுக்கக் கூடாது என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, அவரையே திருப்பிச் சொல்ல வைத்தேன். ஒரு இடத்தில் தவறாகச் சொன்னார். மறுபடி சொன்னேன். வெளியே காத்திருந்தவர்கள் எரிச்சலோடு கதவைத் தட்டினார்கள். தட்டட்டும் என்று விட்டுவிட்டேன்.

இளம் டாக்டர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். தவறே செய்யாமல் இந்தத் தொழிலில் இருக்க முடியும் என்று நான் சொல்ல மாட்டேன். தவறு செய்தால் அதை நோயாளி உங்கள் வாயிலிருந்து கேட்க வேண்டும். ரிப்போர்ட்டிலிருந்தோ பக்கத்துக் கட்டில்காரரிடமிருந்தோ அல்ல. அதனால் உங்களை மன்னித்துவிடுவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். சூசை இன்றும் என்னை மன்னிக்கவில்லை. மாதா மாதம் வந்து, பி.பி. பார்த்துக்கொண்டு, மாத்திரையை வாங்கிக்கொண்டு போகிறார்.